கலைக்காத மால் ஒன்று வேண்டும்: திருகோணமலை நகரின் சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் வள்ளங்களிலும் கடைகளிலும் எழுத்து எழுதுகிறவன். அப்பா செய்த தொழில். பதினான்கு வயதில் அவருக்குப் பெயின்ற் பேணி தூக்கிக்கொண்டு போனதில் தொடங்கியது, இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு விறாந்தையில் அயல் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகருக்குள் பாவனையில்லாமல் இருக்கிற பழைய கட்டடம் ஏதாவது ஒன்றை, இந்த ஊரில் கையால் வேலை செய்கிறவர்கள் ஆண்டு முழுவதும் கூடி வேலை செய்வதற்கு ஒதுக்கித் தாருங்கள். விழா மண்டபம் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இந்திய உதவியோடு எழும்பி நிற்கிறதே, அப்படி ஒரு பெரிய பண்பாட்டு மையமும் கேட்கவில்லை. கூரை ஒழுகாத, தண்ணீரும் மின்சாரமும் உள்ள, நீளமான மேசை நாலு போடக்கூடிய ஓர் இடம். நவராத்திரிக்குக் கூடிக் கட்டி, முடிந்ததும் பிரிக்கிற கிடுகுப் பந்தலை நாங்கள் 'மால்' என்போம்; அப்படியொன்று, ஆனால் கலைக்காமல். அவ்வளவுதான்.

ஏன் என்று விளங்க, என் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஒரு பைபர் வள்ளத்துக்குப் பெயர் எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். விடியவே போனால் பனி ஈரம் இருக்கும். அது காய்ந்த பிறகுதான் சாண்ட்பேப்பர் பிடிக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணி தாண்டினால் மணல் பறந்து வந்து ஈரப் பெயின்றில் ஒட்டும். ஆக, கையில் கிடைப்பது இரண்டு, இரண்டரை மணித்தியாலம். நூலில் வெண்கட்டித் தூளைப் பூசி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். ஆனால் வள்ளத்தின் அணியம், அதாவது முன்பக்கம், வளைந்து மேலே ஏறுகிற இடம். அங்கே கோட்டை நம்பி எழுதினால் கரையில் நிற்கிறவருக்கு எழுத்துகள் சரிந்து விழுவது போலத் தெரியும். அதனால் அணியத்தை நெருங்க நெருங்க ஒவ்வோர் எழுத்தையும் ஒரு நூல் அகலம் கூட்டி, ஒரு சொட்டு மேலே தூக்க வேண்டும். எவ்வளவு என்று அடிமட்டம் சொல்லாது. அப்பா பத்தடி பின்னால் போய், கண்ணை இடுக்கிப் பார்த்து, "ணேயின் கொம்பு படுத்துக் கிடக்குது, எழுப்பு" என்பார். நான் எழுப்புவேன். திரும்பவும் பார்ப்பார். தலையை ஆட்டினால்தான் அடுத்த எழுத்து.

அந்தக் கரையில் ஒரு வள்ளத்தில் 'கோணேசர் துணை', பக்கத்து வள்ளத்தில் 'அந்தோனியார் துணை', அதற்கடுத்ததில் 'பிஸ்மில்லாஹ்'. மூன்றையும் ஒரே நாளில் எழுதியிருக்கிறேன். மூன்று வள்ளக்காரரும் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார்கள்.

இந்த வேலையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன், வந்துவிட்டது. இப்போது என் பக்கத்தில் வந்து நிற்க ஒரு பிள்ளைக்கு இடமில்லை. பழக ஆசைப்பட்டு இரண்டு பேர் வந்தார்கள். விறாந்தையில் இரண்டு தகரத்தை விரித்தால் வீட்டில் யாரும் நடக்க முடியாது; பெயின்ற் மணத்தில் அம்மாவுக்கு இழுப்பு வந்துவிடும். கொஞ்ச நாளில் ஒருவன் கட்டாருக்குப் போனான். மற்றவன் பிளெக்ஸ் அடிக்கிற கடையில் கணினிக்கு முன்னால் இருக்கிறான். அவன்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அவனுக்கு எழுத்தின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிற கண் இருந்தது. அந்தக் கண்ணை நான் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் காண்கிறேன்.

இது என் ஒருவனுடைய கதையாக இருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் ஓர் அக்கா இருக்கிறார். பனையோலையில் பெட்டி இழைக்கிறவர். குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து, சாயத்தில் அவித்து, திரும்பவும் நிழலில் உலர்த்தி, பிறகுதான் இழைக்கத் தொடங்குவார். அவருடைய பெட்டியின் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள், மெல்லிய 'டப்' என்ற சத்தத்தோடு உட்காரும். ஓலை கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே விளிம்பை மடித்து இறுக்குவதால்தான் அந்தச் சத்தம் என்று எனக்குக் காட்டினார். ஒரு முறை கொழும்பிலிருந்து ஒருவர் ஒரே அளவில், ஒரே நிறத்தில் 200 பெட்டி கேட்டிருக்கிறார். ஒரு மாதத் தவணை. தனியாளாக எப்படி முடியும்? அந்தப் பக்கத்து ஊர்களில் இழைக்கத் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சம்பூர்ப் பக்கத்தில் 2006 இல் இடம்பெயர்ந்து, எத்தனையோ வருடம் கழித்துத் திரும்பி வந்து, முதலில் கையில் எடுத்த வேலை இதுதான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வோர் அளவு, ஒவ்வொரு சாயம். ஒரே அண்டாவில் சாயம் காய்ச்சி, ஒரே அச்சில் அளவு பார்த்து, ஏழெட்டுப் பேர் ஒன்றாக இருந்து செய்தால்தான் அப்படியொரு ஓடரை ஏற்கலாம். அதற்குரிய இடம் இல்லாததால் அக்கா அந்த ஓடரை விட்டுவிட்டார். இப்போதும் வருகிற வியாபாரியிடம் ஐந்தும் பத்துமாக விற்கிறார். அந்தப் பெட்டி எந்த ஊரின் பெயரில் எந்தக் கடைக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

கிண்ணியாவில் ஒரு தங்கச்சி, அரபு எழுத்தையும் தமிழ் எழுத்தையும் ஒன்றோடு ஒன்று பின்னி வரைகிறாள். நான் நாற்பது வருடமாகப் பார்த்த அதே 'ழ'வை அவள் கையில் புதிதாகப் பார்த்தேன். பாலம் 2009 இல் வந்தபிறகு நகருக்கு வருவது அவளுக்குச் சுலபம். துறையில் வள்ளத்துக்குக் காத்து நின்ற காலம் அவளுக்கு நினைவுகூட இல்லை. ஆனால் வந்தால் இருந்து வரைய ஓர் இடம் இல்லை. அபயபுரத்தில் ஒரு சிங்களத் தம்பி கரையில் ஒதுங்கும் மரக்கட்டைகளில் மீன் செதுக்குகிறார். ரீசேட்டில் அச்சடிக்கிற இரண்டு பொடியன்கள் இருக்கிறார்கள்; மை கழுவுகிற தண்ணீரை எங்கே விடுவது என்று அயல் வீட்டாரோடு ஒவ்வொரு வாரமும் தகராறு. கூத்துப் பழகுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். மத்தளம் தொடங்கினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோதனை. இரண்டு பக்கமும் நியாயம். கடைசியில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார்தான் மத்தளத்தை உறையில் போடுகிறார்.

இவர்கள் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் என்பதுதான் எனக்கு மிகவும் நோகிற விஷயம். என்னிடம் சித்திரம் பழகிய பிள்ளை ஒருத்தி கொழும்புக்குக் கலா பொலவைப் பார்க்கப் போனாள். 1993 இலிருந்து ஆண்டுதோறும் வீதியோரத்தில் நடக்கிற ஓவியச் சந்தை அது. நடக்கிற வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். 1908 இலேயே இந்தத் தீவின் கைவினைஞர்களைப் பற்றி ஒரு பெரும் நூல் எழுதியவர் அவர், பொருத்தமான பெயர். இரவு பஸ்ஸில் 250 கிலோமீற்றருக்கு மேல் போய், காலையில் அங்கே ஓவியங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பெண்ணோடு பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் உப்புவெளி. நாலைந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கிற இரண்டு பேர், இருவருமே கடலை வரைகிறவர்கள், கொழும்பு வீதியில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். திரும்பி வந்து என்னிடம் சொல்லும்போது அந்தப் பிள்ளை சந்தோசமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

சித்திரத்தையோ நாடகத்தையோ பட்டப்படிப்பாகப் படிக்க விரும்புகிற எங்கள் பிள்ளைகள் மட்டக்களப்புக்குப் போகிறார்கள், அல்லது யாழ்ப்பாணத்துக்கு. போகட்டும், படித்துவிட்டு வரட்டும். வந்து எங்கே இருந்து வேலை செய்வது?

இந்த ஊர் ஆட்களை உருவாக்காத ஊர் இல்லை. தமிழின் முதல் வரலாற்று நாவலை 1895 இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊரில் பிறந்தவர். சென்னையில் இருந்துதான் எழுதினார். 1939 இல் இங்கே பிறந்த பிரமிளைக் கவிஞராகத் தமிழ் உலகம் முழுக்கத் தெரியும். அவர் ஓவியமும் வரைந்தார், களிமண்ணில் சிற்பமும் செய்தார். தமிழ்நாட்டுக்குப் போய், 1997 இல் வேலூருக்குப் பக்கத்தில் மறைந்தார். போன ஞாயிறு என் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர் பெயரைக் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல வழியில்லை, அவர் பெயரை அவர்கள் காதில் போட இந்த நகரில் ஒரு சுவர்கூட இல்லை.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னர் கடற்கரையோர விடுதி ஒன்றில் இருபதடி நீளச் சுவரில் படம் வரையச் சொன்னார்கள். நானும் என்னிடம் பழகிய மூன்று பேரும் ஒன்பது நாள் வேலை செய்தோம். கோட்டைக்குள்ளிருந்து இறங்கிவரும் மான்கள், கரவலை இழுக்கிறவர்கள், பின்னால் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை. முடிந்த பிறகு, சாப்பாடு போட்டோம், உங்களுக்கு நல்ல விளம்பரமும் கிடைக்கும்தானே என்றார்கள். பெயின்ற் காசு மட்டும் வந்தது. அடுத்த பருவத்தில் அந்தச் சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. எங்களுக்கென்று ஒரு இடமும், ஒரு கூலிப் பட்டியலும், கேட்டால் காட்ட ஒரு கடிதத் தலைப்பும் இருந்திருந்தால் அந்த மூன்று பொடியன்களும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். தனியாளிடம் பேசுகிற விலை வேறு, பத்துப் பேர் சேர்ந்திருக்கிற இடத்தில் பேசுகிற விலை வேறு. இதை மீன் விற்கிறவரும் அறிவார்.

மேடையில் பொன்னாடை போர்த்துவதை நான் குறைவாகப் பேசவில்லை. அறுபதைத் தாண்டிய கலைஞர்களுக்கு அரசு தருகிற கலாபூஷணம் விருதை வாங்கிய பெரியவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள்; அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பதைப் பார்க்க மனம் நிறையும். ஆனால் அறுபது வயதில் விருது வாங்க வேண்டியவருக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு மேசை வேண்டியிருக்கிறது. அந்த மேசையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

உங்கள் சபையின் பழைய கதை ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1950 இல் நகரசபையின் ஆட்கள் கிணறு வெட்டியபோது, கோணேசர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, மண்ணுக்குள்ளிருந்து வெண்கலச் சிலைகள் வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள். 1620களில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்தபோது யாரோ மண்ணில் புதைத்துக் காப்பாற்றியவை. சின்ன வயதில் அப்பா என்னைக் கூட்டிப்போய் அந்தச் சிலைகளைக் கும்பிட வைத்தார். கும்பிட்டு முடித்தபின் விரல்களைப் பார் என்றார். அந்த விரல்களை நான் இன்றும் தாளில் வரைந்து பார்க்கிறேன், வரவில்லை. அப்படியான சிலை தனியாள் வேலை இல்லை. மெழுகில் உருப்பிடிக்க ஒருவர், அதன்மேல் மண் அப்ப ஒருவர், உலை ஊத இருவர், உருகின உலோகத்தை நிதானம் தப்பாமல் ஊற்ற ஒருவர், ஆறினபின் அரம் பிடிக்க ஒருவர். பக்கத்தில் நின்று பார்க்க நாலு பிள்ளைகள். அது எங்கே வார்க்கப்பட்டிருந்தாலும் ஒரு பட்டறையில்தான் வார்க்கப்பட்டது. கோட்டை வாசல் தூணில் இரட்டை மீன் சின்னத்தோடு பழைய மன்னன் குளக்கோட்டன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறதே, அதை வெட்டின கல்தச்சனும் இன்னொருவன் பக்கத்தில் நின்றுதான் உளி பிடிக்கப் பழகியிருப்பான். அந்தக் கல்லைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நான் எழுத்தைத்தான் பார்க்கிறேன். உடைந்த வரி, ஆனால் ஓர் எழுத்தும் சாயவில்லை.

சரி, கூடி வேலை செய்கிற இடம் என்றால் இந்த ஊருக்குப் புதிதா? இல்லை. நவராத்திரி வந்தால் பாருங்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை, கும்பம் வைக்கிற கிடுகுப் பந்தலான கும்பத்துமால் எழும்பும். இது எங்கள் ஊருக்கே உரிய வழக்கம். வேறெங்கும் போய் 'கும்பத்துமால்' என்றால் பலருக்கு விளங்காது. கழி வெட்ட ஒரு கூட்டம், கிடுகு கட்ட ஒரு கூட்டம், கடதாசி வெட்டிச் சோடிக்க ஒரு கூட்டம். ஆறு வயதுப் பிள்ளை பசைப் பேணியோடு நிற்கும். கணக்குப் பார்க்கிற பெரியவர் ஒரு கதிரையில். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், அந்தப் பத்து நாளும் எல்லோரும் கேட்டு நடக்கிற மேசனாகவும் வடிவமைப்பாளனாகவும் இருப்பான். கும்பத்தைத் தலையில் ஏந்திச் சமநிலை தவறாமல் நடக்க வேண்டும் என்பதால், கம்பை எங்கே கட்டுவது, வேப்பிலையை எந்தப் பக்கம் கூட்டுவது என்று அவன் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கட்டுவான். கடைசி இரவு உடுக்கோடு கும்பங்கள் வீதிக்கு வரும்போது, பார்க்க வந்தவர்கள் கும்பத்தைப் பார்ப்பார்கள். நான் கட்டின கைகளைத் தேடுவேன். அப்புறம் என்ன? விடிந்தால் மாலைப் பிரித்துவிடுவோம். கிடுகு ஒரு பக்கம், கழி ஒரு பக்கம். அந்தப் பொடியன் திரும்பவும் ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவான். அடுத்த நவராத்திரி வரை அவன் கை சும்மா இருக்கும்.

ஒரு மால் மட்டும் கலைக்காமல் நிற்க வேண்டும் என்பதே நான் கேட்பது. பெயரையும் பழக்கத்தையும் மட்டுமே அங்கிருந்து எடுக்கிறேன். கதவு கிண்ணியாத் தங்கச்சிக்கும், அபயபுரத் தம்பிக்கும், பாலையூற்றுப் பக்கத்தில் நத்தார்க் குடில் கட்டுகிறவர்களுக்கும் ஒரே அகலத்தில் திறந்திருக்க வேண்டும்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திருத்த வேலைக்குரிய தச்சரும் மேசனும் பெயின்ற் அடிக்கிறவரும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். பொருளுக்கு உதவுங்கள், வேலையை நாங்கள் செய்கிறோம். மேசைக்கு மாதம் ஒரு சிறு தொகை நாங்களே கட்டுவோம், மின்சாரத்துக்கு அது காணும். தேசிய அருங்கலைகள் பேரவை, பனை அபிவிருத்திச் சபை போன்றவற்றின் பயிற்சிகளுக்கு இடம் தேவைப்படும்போது இங்கேயே நடத்தலாம். கட்டடத்தின் திறப்பு (சாவி) யாரிடம் என்பதில்தான் இப்படியான முயற்சிகள் பல இடங்களில் உடைகின்றன, அதனால் அதையும் யோசித்திருக்கிறோம். மூன்று மொழியும் பேசுகிற ஐந்து பேர், ஒவ்வோர் ஆண்டும் இருவர் மாற வேண்டும், அரசியல் கட்சிப் பொறுப்பில் இருக்கிறவர் யாரும் அதில் இருக்கக்கூடாது. இதைச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குள் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறார்கள், வேலை நடக்கிற இடத்தில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று எல்லோருமே சொன்னார்கள்.

பெண்களுக்கான கழிவறை முதல் நாளே இருக்க வேண்டும். இதைக் கடைசியில் பார்ப்போம் என்று தள்ளினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். மாலை வேலை, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போகிற கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிய வேண்டும். கூத்துக்காரர் மட்டும் இரவில் பழகலாம். அதற்காகவே குடிமனை நெருக்கம் இல்லாத பக்கமாக, துறைமுகத்தை அண்டிய வீதிகளில் ஒரு பழைய கட்டடம் கிடைத்தால் நல்லது. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்றைத் திருத்திக் கடல்சார் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிற ஊர் இது. பழைய சுவர்களை இடிக்காமல் பயன்படுத்தத் தெரியும் எங்களுக்கு.

இன்னொன்று, இதற்குக் கட்டடமே தேவையில்லை. வீதிப் பெயர்ப்பலகைகளின் எழுத்து வேலையை உள்ளூர்க் கைகளுக்குத் தாருங்கள். தமிழில் பிழையோடு நிற்கிற பலகைகளை நாடு முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒரு கொம்பு விடுபட்டு, ஒரு புள்ளி இடம் மாறி, ஊரின் பெயரே வேறாகி நிற்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டிப் பழகுகிறார்கள். எங்களிடம் தந்தால் எழுதுகிறவனே வாசிக்கத் தெரிந்தவனாக இருப்பான், மூன்று மொழிக்கும் எங்களுக்குள் ஆள் இருக்கிறது.

இந்த மடலோடு, மேலே சொன்ன ஒவ்வொருவரும் தங்கள் கையால் செய்த ஒரு பொருளைச் சபை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்ட ஆயத்தமாக இருக்கிறார்கள். கட்டைபறிச்சான் அக்கா பெட்டி கொண்டு வருவார். மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு நாளும் நேரமும் சொன்னால் போதும், எல்லோரையும் கூட்டிவருவது என் பொறுப்பு.

முடிவை நவராத்திரிக்கு முன்னால் சொன்னால் உதவியாக இருக்கும். அந்த நாட்களில்தான் கிடுகும் கழியும் மலிவாகச் சேர்ந்து கிடைக்கும், பொடியன்களும் லீவு போட்டுவிட்டு நிற்பார்கள். அதற்குப் பிறகு மாரி தொடங்கிவிடும், கூரையில் ஏற முடியாது.

அன்புடனும் மரியாதையுடனும்,
வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவன்,
திருகோணமலை